கேள்வி – பதில்: இடுப்பில் பிரியும் பொம்மைகள்

பொம்மையை மேடையில் வைத்தால் அது திரைக்குள் உயிர் பெறும் விளையாட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளில், இந்த இதழுக்கு 'ஸ்கைலேண்டர்ஸ்: ஸ்வாப் ஃபோர்ஸ்' தொடர்பானவற்றை எடுத்துக்கொண்டோம். 2011-இல் தொடங்கிய வரிசையின் மூன்றாம் பாகம் இது. 2013 அக்டோபரில் வந்தது. இதன் ஸ்வாப் பொம்மைகள் இடுப்பில் இரண்டாகப் பிரியும்; ஒன்றின் மேல்பாதியை இன்னொன்றின் கீழ்ப்பாதியோடு பொருத்தி ஆடலாம்.

கே: முதல் பாகமும் 'ஜயன்ட்ஸ்' என்ற இரண்டாம் பாகமும் வீட்டில் இருக்கின்றன. பொம்மைகள் முப்பதுக்கு மேல். பழைய பொருள் கடையில் ஸ்வாப் ஃபோர்ஸ் ஸ்டார்டர் பேக் (வட்டு, மேடை, மூன்று பொம்மைகள் உள்ள தொடக்கப் பெட்டி) பார்த்தோம். வாங்கத் தகுந்ததா? – டொரன்டோ வாசகி

ப: தாராளமாக வாங்கலாம். உங்கள் பொம்மைகள் எல்லாமே இதில் வேலை செய்யும். முதல் பாகத்தில் 10-ஆம் நிலையோடும் ஜயன்ட்ஸில் 15-ஆம் நிலையோடும் நின்றுபோனவை இங்கே 20 வரை வளரும். ஆனால் திரும்பிப் போக வழி கிடையாது. இந்தப் பாகத்துக்கென்று வந்த புதிய பொம்மையைப் பழைய ஆட்டத்தின் மேடையில் வைத்தால் ஒன்றும் நடக்காது.

இதன் பெரிய பலம், பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் 'உடல் மாற்றும்' வித்தை அல்ல, குதித்தல்தான். முதல் இரண்டு பாகங்களில் கதாபாத்திரங்களுக்குக் குதிக்கவே தெரியாது. நடப்பதும் அடிப்பதுமே ஆட்டம். இந்தப் பாகத்தை உருவாக்கிய விகேரியஸ் விஷன்ஸ் நிறுவனம் எல்லாருக்கும் குதிக்கும் திறனைக் கொடுத்தது. அதனால் கட்டங்களை மேலும் கீழுமாக, பல அடுக்குகளாக அமைக்க முடிந்தது. மூலை முடுக்கில் ஒளித்து வைத்ததைத் தேடி எடுப்பதில் ஒரு சுவை வந்தது. உங்கள் பழைய பொம்மைகளும் இங்கே குதிக்கும். பிள்ளைகளுக்கு அதுவே புது பொம்மை வாங்கியது போல இருக்கும்.

குறைகள் என்றால், ஒவ்வொரு கட்டம் திறக்கவும் ஆகும் காத்திருப்பை முதலில் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் பொறுமை இழந்துவிடுவார்கள். அடுத்து, இருவர் ஆடும்போது இருவரும் ஒரே திரைக்குள் கட்டுண்டு கிடக்க வேண்டும். ஒருவர் முன்னே ஓட, மற்றவர் பின்னே நின்று பொருள்களைப் பொறுக்க முடியாது. இணையம் வழியாகச் சேர்ந்து ஆடவும் வழியில்லை. மூன்றாவது, ஒரு பாத்திரம் வீழ்ந்தால் அந்தக் கட்டம் முடியும்வரை அதைப் பயன்படுத்த முடியாது. வேறு பொம்மையை வைக்க வேண்டும். ஸ்டார்டர் பேக்கில் உள்ள மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு கடினமான நிலையில் ஆடுகிறவர்களுக்கு இது தண்டனைதான். முப்பது பொம்மை வைத்திருக்கும் உங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: ஜயன்ட்ஸோடு வந்த போர்டல், அதாவது பொம்மை வைக்கும் மேடை, இதற்கு உதவாது. இரண்டு பாதிகளைத் தனித்தனியே படிக்கும் புதிய போர்டல் வேண்டும். பழைய கடையில் வட்டு மட்டும் மலிவாகக் கிடைத்தால் ஏமாந்து வாங்கிவிடாதீர்கள்.

கே: 16 ஸ்வாப் பொம்மைகள், 256 உருவங்கள் என்கிறார்கள். ஆட்டத்தின் எல்லாப் பகுதிகளையும் திறக்க 16-உம் வேண்டுமா? – சிங்கப்பூர் வாசகர்

ப: வேண்டாம். எட்டு போதும், அதில் இரண்டு ஸ்டார்டர் பேக்கிலேயே இருக்கின்றன. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஆறு வாங்கினால் சரிவராது.

பூட்டு இரண்டு வகை. ஒன்று, ஸ்வாப் ஸோன்: குறிப்பிட்ட நகர்வு உள்ள பொம்மைக்கு மட்டும் திறக்கும் பகுதி. ஏறுதல், ராக்கெட், தோண்டுதல், பதுங்குதல், வேகம், சுழற்சி, துள்ளல், டெலிபோர்ட் (மறைந்து வேறிடத்தில் தோன்றுதல்) என எட்டு நகர்வுகள். இதைத் தீர்மானிப்பது பொம்மையின் கீழ்ப்பாதி மட்டும். இன்னொன்று, இரட்டை எலிமென்ட் (பொம்மையின் இயல்புச் சக்தி) வாயில். நீர், நெருப்பு, மண், காற்று, உயிர், மாயம், டெக் (தொழில்நுட்பம்), அன்டெட் (செத்தும் நடமாடுவது) ஆகிய எட்டில் ஏதேனும் இரண்டை ஒன்றாகக் கேட்கும். மேல்பாதி ஒன்று, கீழ்ப்பாதி இன்னொன்று என்று பொருத்தினால் திறக்கும்.

16 பொம்மைகளில் ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் இரண்டு, ஒவ்வொரு நகர்வுக்கும் இரண்டு. ஆகவே இரண்டு பட்டியலையும் ஒரே எட்டுக்குள் அடக்கலாம். பெட்டியில் வரும் வாஷ் பக்லர் நீர், ஏறுதல். பிளாஸ்ட் ஸோன் நெருப்பு, ராக்கெட். இவற்றோடு மேக்னா சார்ஜ் (டெக், வேகம்), ஃப்ரீ ரேஞ்சர் (காற்று, சுழற்சி), ரப்பிள் ரௌசர் (மண், தோண்டுதல்), ஸ்டிங்க் பாம் (உயிர், பதுங்குதல்), ஹூட் லூப் (மாயம், டெலிபோர்ட்), ராட்டில் ஷேக் (அன்டெட், துள்ளல்) ஆகிய ஆறையும் சேர்த்தால் எட்டும் எட்டும் முழுமை. உருவங்களும் 64 கிடைக்கும். இதில் ஒன்றை மாற்றினால் கணக்கு குலையும். உதாரணமாக, ஹூட் லூப்புக்குப் பதில் நைட் ஷிஃப்ட் வாங்கினால் டெலிபோர்ட் இருக்கும், மாயம் போய்விடும்.

வெளிவந்தபோது அமெரிக்காவில் ஸ்டார்டர் பேக் 74.99 டாலர், தனி ஸ்வாப் பொம்மை 14.99. ஆறுக்கு 89.94. பெட்டியில் இல்லாத பதினான்கையும் வாங்கினால் 209.86. ஒரு குழந்தை விளையாட்டின் பூட்டுகளைத் திறக்க, விளையாட்டையே விட அதிகம் செலவழிக்க வைத்த இந்த அமைப்பு நமக்கு உடன்பாடில்லை. பொம்மையில்லாத பிள்ளையின் கண்ணெதிரே பூட்டிய கதவைக் காட்டிக்கொண்டே இருக்கிறது அது. அத்தனை செலவழித்துத் திறந்தால் உள்ளே இருப்பது சில நிமிடச் சிறு ஆட்டம். வேகப் பந்தயமும் ராக்கெட் பறத்தலும் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரே வகை ஸோன் இரண்டாம் மூன்றாம் முறை வரும்போது புதிதாக அதிகம் இருக்காது.

செலவைக் குறைக்க வழி உண்டு. இரட்டை வாயிலை இருவர் சேர்ந்தும் திறக்கலாம். ஆளுக்கொரு எலிமென்ட் இருந்தால் சரி. அதற்குப் பழைய பாகத்துப் பொம்மைகளே போதும். கதையை முடிக்க ஸ்டார்டர் பேக்கின் மூன்றே போதும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

கே: இரண்டு பாதிகளையும் ஒட்டவைப்பது காந்தம். உள்ளே இருக்கும் சிப்பை அது அழித்துவிடாதா? – லண்டன் வாசகர்

ப: அழிக்காது. காந்தம் கெடுப்பது ஒலிநாடா, பழைய கணினித் தட்டு போன்று காந்தப் பூச்சில் பதிந்தவற்றை. பொம்மைக்குள் இருப்பது ரேடியோ அலையால் படிக்கப்படும் ஆர்.எஃப்.ஐ.டி. சிப், அதன் நினைவகத்தில் தகவல் மின்னூட்டமாக நிற்கிறது.

கே: பொம்மையை வைத்தாலும் சில சமயம் திரையில் வருவதில்லை. சிப் போய்விட்டதா? – மெல்போர்ன் வாசகி

ப: பெரும்பாலும் மேசைதான் காரணம். இரும்பு மேசை, உலோகத் தட்டு, மடிக்கணினியின் மூடி இவற்றின்மேல் போர்டலை வைத்தால் அதன் ரேடியோ புலம் பலவீனமாகும். மரப்பலகைக்கோ தரைக்கோ மாற்றுங்கள். அடுத்து, யு.எஸ்.பி. வயரை ஹப் வழியாகச் செருகியிருந்தால் எடுத்து நேராகக் கருவியில் செருகுங்கள். பிறகு பொம்மையின் இரு பாதிகளும் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கின்றனவா பாருங்கள். தூசி அடைந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைக்கலாம். ஒரு பொம்மை மட்டும் எந்தப் போர்டலிலும் வரவில்லை என்றால்தான் சிப்பைச் சந்தேகிக்க வேண்டும். மேல்பாதி சரி, கீழ்ப்பாதி சரியில்லை என்பதும் நடக்கும். வேறு பொம்மையின் பாதியோடு மாற்றிப் பொருத்திப் பார்த்தால் எது பழுது என்று தெரிந்துவிடும். பணம், நிலை எல்லாம் பொம்மையிலேயே பதிவதால், பதிவாகிக்கொண்டிருக்கும்போது வெடுக்கென்று பிடுங்க வேண்டாம்.

கே: பழைய பொம்மைகள் வாங்கும்போது எதைக் கவனிப்பது? – அதே வாசகி

ப: 2016-க்குப் பின் இந்த வரிசையில் புதிய பாகம் வரவில்லை, ஆகவே பயன்படுத்தியவைதான் அதிகம் கிடைக்கும். பொம்மைக்கு வீ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்ற பேதம் கிடையாது. போர்டலுக்கு உண்டு: எக்ஸ்பாக்ஸ் 360-க்கானது வேறு கருவியில் ஓடாது. நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான 3டிஎஸ்-க்கான பெட்டிக்குள் இருப்பது வேறு கதை கொண்ட தனி ஆட்டம், அதற்குப் போர்டலும் தனி. ஸ்வாப் பொம்மையில் இரண்டு பாதியும் இருக்கிறதா, இணையும் இடத்தில் பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் வளர்த்த நிலையோடும் சேர்த்த பணத்தோடும் பொம்மை வரும். பிள்ளை முதலிலிருந்து வளர்க்க விரும்பினால் ஆட்டத்தின் மெனுவில் ரீசெட் செய்யலாம். செய்துவிட்டால் பழையது திரும்ப வராது.