கன்று போட்டு 75 நாள், மாடு இன்னும் கத்தவில்லை: ஊசி போடலாமா?

கந்தப்பளைப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: "மூன்றாம் ஈத்து பிரீசியன் கலப்பு மாடு. எடை 400 கிலோ வரும். தினம் 12 லீற்றர் பால். குவாத்தமாலா புல் 40 கிலோ, தீன் (செறிவுத் தீவனம்) 2 கிலோ கொடுக்கிறேன். விலா எலும்பு தெரிகிறது. 75 நாளாகியும் பருவத்துக்கு வரவில்லை. ஹோர்மோன் ஊசி போட்டால் சரியாகுமா?"

ஊசிக்கு முதல் தீன் தொட்டியைப் பாருங்கள்.

பசியையும் சினைப்பருவத்தையும் நடத்துவது மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ். உடம்புக் கொழுப்பு விடும் லெப்டின் என்ற ஹோர்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் அங்கே இருக்கின்றன. பாலுக்காகக் கொழுப்பு கரையக் கரைய லெப்டின் குறைகிறது. உடனே பசியைத் தூண்டும் நரம்புகள் விழிக்கின்றன. சினைப்பருவத்தை முடுக்கும் கிஸ்பெப்டின் என்ற பொருளை விடும் நரம்புகள் அடங்குகின்றன. கபச்சுரப்பிக்கு உத்தரவு போடும் நரம்புகளில் லெப்டின் ஏற்பி கிடையாது. அவை கிஸ்பெப்டினின் சொல்லைத்தான் கேட்கும். அது ஓய்ந்தால், முட்டையை வெளிவரச் செய்ய கபச்சுரப்பி விடும் எல்.எச். ஹோர்மோன் வரும் வேகமும் தளர்ந்துவிடும். சூலகத்தில் முட்டையைத் தாங்கும் புடைப்பு முற்றி முட்டை வெளிவர, ஏறக்குறைய மணிக்கொரு தடவை எல்.எச். துடிக்க வேண்டும். அது கிடைக்காத புடைப்பு வளர்ந்து, முட்டை விடாமலே சுருங்கும். அடுத்ததற்கும் அதே கதிதான். இன்சுலின் குறைவும் இதற்குத் துணை போகிறது.

இது மாட்டுக்கு மட்டுமான ஏற்பாடல்ல. 1994இல் லெப்டினைக் கண்டுபிடிக்க உதவிய எலிகள் அந்த ஹோர்மோன் இல்லாமல் பெருத்தும் போயின, மலடாகவும் இருந்தன. லெப்டின் கொடுத்ததும் குட்டி போட்டன. மிக மெலிந்த பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதும் இதே வழியில்தான். பசியின் பக்கம் பார்த்தால், பங்களா வாசலில் எந்நேரமும் சாப்பாட்டுக்கு ஏங்கும் லாப்ரடோர்: அந்த இனத்தில் பல நாய்களுக்கு, 'போதும்' என்ற செய்தியைத் தயாரிக்கும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை.

இனி உங்கள் கணக்கு. மாட்டுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 3 சதவீதம், அதாவது 12 கிலோ, உலர் தீனி (தண்ணீரைக் கழித்த எடை) வேண்டும். மழை நாளில் வெட்டிய புல்லில் பெரும்பகுதி தண்ணீர்; 40 கிலோவில் உலர்ந்தது 7 கிலோதான் தேறும். தீனில் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 9. மிச்சம் மாட்டின் முதுகிலிருந்து போகிறது. குவாத்தமாலா தேயிலை மண்ணைத் தேற்ற நட்ட புல். முற்றித் தண்டாகிவிட்டால் வயிறு நிறையும், சத்து சேராது. இளசாக வெட்டி, இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கிப் போடுங்கள்.

தீனை 5 கிலோவாக்குங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். இரண்டு நாளுக்கு அரைக் கிலோ வீதம் கூட்டி, தினமும் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். திடீரென்று 3 கிலோ கூட்டினால் வயிற்றில் புளிப்பு ஏறி, சாணம் தண்ணியாகும், அசை போடுவது நிற்கும், பாலும் குறையும். கூடவே தாதுக் கலவை 50 கிராம், உப்பு 30 கிராம், எந்நேரமும் தண்ணீர். தண்ணீர் போதாத மாடு தீனியையும் குறைக்கும். தீனை வெறுத்துப் புல்லை மட்டும் மேய்ந்து, மூச்சில் பழ வாடை அடித்தால் அது கீட்டோசிஸ், கொழுப்பு அளவு மீறிக் கரைவதால் வரும் நோய். அன்றைக்கே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

ஒரு வாரத்தில் பலனை எதிர்பார்க்காதீர்கள். மாடு மெலிவதை முதலில் நிறுத்த வேண்டும், பருவம் அதற்குப் பிறகுதான்.

ஊசியை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. 60 நாள் தாண்டிவிட்டதால் இப்போதே வைத்தியரிடம் சூலகத்தைச் சோதிப்பித்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகப் போடும் புரஸ்டகிளாண்டின் ஊசி, சூலகத்தில் மஞ்சட் சடலம் (முட்டை வெளிவந்த இடத்தில் உண்டாகும் கட்டி) இருந்தால்தான் வேலை செய்யும். முட்டையே விடாத மாட்டுக்கு அது வீண் செலவு. மஞ்சட் சடலம் இருந்தால் மாடு முட்டை விட்டிருக்கிறது, பருவம் கட்டுத்தறியில் உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் என்று அர்த்தம். விடியற்காலையும் பொழுது சாயும்போதும் அரை மணி நேரம் நின்று பாருங்கள்: கண்ணாடிபோல் நீளும் சளி, ஓயாத கத்தல், பக்கத்து மாடு ஏறினால் விலகாமல் நிற்பது. காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை சினை ஊசிக்கு (செயற்கைக் கருவூட்டலுக்கு) சொல்லுங்கள்.