'நைஸ்' என்றால் நல்லதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று வந்த இடத்தில் 'நல்ல வேறுபாடு' என்று எழுதினேன். படித்த நண்பர் தவறு என்கிறார். அகராதியைப் புரட்டினால் 'முட்டாள்தனமான' என்றொரு பழைய பொருளும் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

க.

அன்புள்ள க.,

நண்பர் சொன்னதுதான் சரி. அது 'நுண்ணிய வேறுபாடு'.

வேர் 'நெஸ்கியுஸ்' என்னும் லத்தீன் சொல். 'நெ' எதிர்மறை, 'ஸ்கிரே' அறிதல், ஆக, அறியாதவன். 'சயின்ஸ்' பிறந்ததும் இந்த 'ஸ்கிரே'யிலிருந்துதான். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது 'நைஸ்' என்றால் மடத்தனம். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் அந்தப் பொருளில் எழுதியிருக்கிறார். பிறகு பகட்டு, கூச்சம் என்று அலைந்து, எதையும் லேசில் ஏற்காத குணத்தைக் குறிக்க வந்தது. திருப்பம் இங்கேதான். சோற்றில் ஒரு கல்லையும் பொறுக்காதவர் அரிசியை உற்றுப் பார்த்துத்தானே புடைப்பார்? அப்படி 16ஆம் நூற்றாண்டில் அது நுட்பம், துல்லியம் என்றாகிவிட்டது.

'இனிய' என்ற இன்றைய பொருள் பரவியது 18ஆம் நூற்றாண்டில். ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவல் 1817 இறுதியில் வெளிவந்தது. அதில் ஹென்றி டில்னி, நாளும் நைஸ், நடையும் நைஸ், நீங்கள் இருவரும் நைஸ் என்று இந்தப் பழக்கத்தைக் கேலி செய்கிறான்.

உங்கள் கட்டுரையின் காலத்தில் இரண்டு பொருளும் சேர்ந்தே புழங்கின. சிக்கல் அதுதான். அடுத்து வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். வேறுபாடு, கேள்வி, கணக்கு என்றால் 'நுண்ணிய'. உணவிலோ உடையிலோ ஒருவர் 'நைஸ்' என்றால், எளிதில் மனம் நிறையாதவர். வழிமுறையில் 'நைஸ்' இல்லாதவர் என்றால், நேர்மை பற்றி அதிகம் யோசிக்காதவர். இதைத்தான் பலரும் 'நல்லவர் அல்ல' என்று பெயர்த்துக் கெடுக்கிறார்கள். 'நைசிட்டி' என்ற பெயர்ச்சொல்லில் நுட்பம் இன்றும் அப்படியே இருக்கிறது; இனிமைக்கு 'நைஸ்னெஸ்' தனியாக உண்டு.

நம் சமையலறையைக் கேளுங்களேன். உளுந்தை நைசாக அரைக்கிறோம், இட்லி அரிசியைக் கொஞ்சம் கொரகொரப்பாக. அந்த 'நைசு'க்கு நல்லது என்று யாரும் பொருள் கொள்வதில்லை. 'நைசாக நழுவிவிட்டான்' என்பதிலும் இனிமை கிடையாது.

'முட்டாள்தனமான' உங்கள் கட்டுரைக்கு வேண்டாம். அது சாசர் காலத்துப் பிரதிகளுக்கு. ஒன்று மட்டும் செய்யுங்கள்: கட்டுரை முழுக்க 'நைஸ்' வரும் இடங்களைத் தேடி, ஒவ்வொன்றிலும் முதலில் 'நுண்ணிய' என்று வைத்துப் பாருங்கள். அதுவும் மேலே சொன்ன மற்றப் பொருள்களும் பொருந்தாத இடத்தில் மட்டும் 'இனிய'வுக்குப் போங்கள்.