கெண்டைக்காலை அமத்தும் ஹமொக்: நுனிக்கட்டை மாற்றிப் பாருங்கோ

உப்புவெளியில் இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டின 3.3 மீற்றர் துணி ஹமொக்கில் (தொங்கு படுக்கையில்), நடுத்துணி வரம்பு மாதிரி எழும்பிக் கெண்டைக்காலை அமத்துது, ஓரம் தொளதொளவென்று முகத்தில் விழுது என்று கேட்டிருந்தீங்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நுனியைக் கையால் அள்ளி அப்படியே கட்டினால் நடு இறுகும், ஓரம் தளரும்.

அவிழ்த்துப்போட்டு, சேலைக் கொசுவம் போல 5 சென்ரிமீற்றர் அகலத்தில் மடிச்சுக்கொண்டு போங்கோ. கட்ட முதல் இரண்டு ஓரத்தையும் கட்டுக்கு வெளியே 6, 7 சென்ரிமீற்றர் கூட இழுத்துவிடுங்கோ. நடுவை நோக்கி அது படிப்படியாகக் குறைய வேணும். அப்பதான் நடு குழிஞ்சு கொடுக்கும், ஓரம் நிமிரும். அளவுக்கு மிஞ்சி இழுத்தால் தோளை நெரிக்கும். நடுவிலும் விளிம்புத் தையல் கட்டுக்கு வெளியே நிற்கட்டும், இல்லாட்டி பாரம் ஏற வழுகிவிடும். மெல்லிய கயிற்றால் 5, 6 சுற்றுச் சுற்றி இறுக்குங்கோ. மறுநுனிக்கும் அதே அளவு.

தொங்கவிடும்போது கயிறு கிடையிலிருந்து 30 பாகை, நுனிக்கு நுனி நேர்கோட்டில் ஏறத்தாழ 2.7 மீற்றர். கோணலாகப் படுங்கோ. நைலோன் கயிறு நனைஞ்சால் நீளும், கொஞ்சம் உயர்த்தியே கட்டுங்கோ.

மேலே தேங்காய் பறிச்சாச்சுதானே?