தோணி தப்பு

அன்புள்ள ஐயா,

நான் கொட்டாஞ்சேனையில் உயர்தர வகுப்புக்கு ஊடகக் கற்கை படிப்பிக்கிறேன். போன கிழமை, குடியேறிகளைப் பற்றிய பழைய அமெரிக்கக் கேலிச்சித்திரங்கள் சிலவற்றைக் காட்டினேன். நீண்ட சடையும் சாய்ந்த கண்ணுமாக வரைந்திருந்த சீனரைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. காட்டியது பிழையா? இப்படியான படங்களைத் தடைசெய்ய வேண்டாமா? எந்தக் கார்ட்டூனாவது ஒரு சட்டத்தை மாற்றியிருக்கிறதா? நமக்குச் சம்பந்தமில்லாத கதைதான், என்றாலும் மனம் கேட்கவில்லை.

ர., கொழும்பு 13

அன்புள்ள ர.,

"நமக்குச் சம்பந்தமில்லாத கதை" என்று எழுதிய கையில் முதலில் ஒரு அடி போடவேண்டும். கொழும்பு 13இல் இருந்துகொண்டா இதைச் சொல்கிறீர்கள்? உங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளின் பாட்டன்மார் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். இல்லை, கேட்காதீர்கள். அந்தக் கேள்வியோடுதான் எனக்குச் சண்டை.

தடையை விடுங்கள். இந்த நாட்டில் தடைசெய்ய ஆள் தேடி நாம் அலையத் தேவையில்லை. சட்டத்தை மாற்றிய கார்ட்டூன்? 1871இல் தோமஸ் நாஸ்ட், கும்பலிடமிருந்து ஒரு சீனரை அமெரிக்காவே பெண்ணுருவில் வந்து காப்பதாக வரைந்தார். 1882இல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. 1943 வரை இருந்தது. அவ்வளவுதான் படத்தின் பலம். அதே நாஸ்ட் ஐரிஷ்காரரைக் குரங்கு முகத்தோடு வரைந்தவர். அவரே ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் போய் இறங்கியவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் சிரித்ததற்கு நீங்கள் வருந்தவேண்டாம். சிரிக்க வைக்கத்தான் வரைந்தார்கள், இத்தனை காலம் கழித்தும் அது வேலை செய்கிறது. எனக்கு ஆத்திரம் வேறு இடத்தில்.

1921இல் வந்த புனல் படத்தைக் காட்டினீர்களா? ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா வரை ஒரு பெரிய புனல். அகன்ற வாயில் சனம் நெரிபடுகிறது. ஒடுங்கிய முனையில் அமெரிக்காவின் ஆளுருவான அங்கிள் சாம் 3 சதவீதம் என்று எழுதிய கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குடியேற்றச் சட்டம் என்றால் இவர்களுக்குக் கதவு, மதில், வேலி. ஆதரிக்கிறவனும் கதவைத்தான் வரைகிறான், எதிர்க்கிறவனும் கதவைத்தான் வரைகிறான். சட்டம் கதவே இல்லை, பிள்ளை. அது ஒரு பழைய பதிவேடு. 1921இல் 1910ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை எடுத்து, அதில் ஒவ்வொரு நாட்டாரும் எத்தனை பேரோ அதில் 3 சதவீதம் என்றார்கள். 1924இல் 2 சதவீதமாகக் குறைத்ததோடு நில்லாமல், 1890ஆம் ஆண்டு மதிப்பீட்டுக்குப் போனார்கள். 1890இல் இத்தாலியரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் அங்கே எவ்வளவோ குறைவு. ஒரு வருடத்தை மாற்றினார்கள், கப்பல்கள் காலியாகின. இதை எப்படி வரைவது? மேசையில் ஒரு எழுதுவினைஞர் பழைய ஏட்டைத் திறக்கிறார் என்று வரைந்தால் யார் சிரிப்பார்கள்?

கிட்ட வந்தவர் ஒருவர்தான், ஜோசப் கெப்ளர். வியன்னாக்காரர். 1893இல் 'பக்' இதழில் வரைந்தார். கப்பலிலிருந்து மூட்டையோடு இறங்கும் ஒருவனைக் கோட்டுப் போட்ட கனவான்கள் கைநீட்டித் தடுக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் விழும் நிழல்களிலோ கிழிசலும் மூட்டையுமாக அவர்களுடைய பழைய கோலமே நிற்கிறது. பணக்காரனை அவனுடைய பாட்டனைக் காட்டிக் கிண்டல் செய்தார் கெப்ளர். 55 வருடம் கழித்து நம் நாட்டில், இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழியில் பிறந்த தோட்டக் கூலிக்காரனிடம் "உன் பாட்டனைக் காட்டு" என்றார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இங்கே பிறந்திருந்தால் போதாது. தகப்பன் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்கவேண்டும். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவனுக்கு யார் பதிவு வைத்தார்கள்?

(இங்கே அரசியல்வாதிகளை நார்நாராகக் கிழித்த கார்ட்டூன்காரர் ஒப்ரி கொலெட் 60களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அப்போது அங்கே வெள்ளையரை மட்டும் குடியேற விட்ட வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கை. போக நினைத்த பறங்கியர், ஐரோப்பிய வம்சாவளியினர், பலர் தங்கள் ஒல்லாந்துப் பாட்டன்மாரைத் தேடிப் பதிவேடு புரட்டினார்கள். அதையும் யாராவது வரைந்திருக்கலாம்.)

இரண்டு கிழமையாக ஒரு மலிபன் பிஸ்கட் டின் என் நினைவில் உருண்டுகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

அப்பா புறக்கோட்டையில் கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து ஆள். மூட்டை பிரிக்க ஒரு அண்ணன் இருந்தார், அட்டன் பக்கத்துத் தோட்டம். எனக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் பேப்பரில் ஒரு கார்ட்டூன்: கவிழப்போகிற தோணி, கோவணம் கட்டிய ஒருவன், தலையில் மூட்டை. அப்பா உரக்க வாசித்துக் காட்டினார். கடையே சிரித்தது. எங்கள் ஆட்கள், தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமை பற்றிய 1949ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதரவு கொடுத்த தமிழ்த் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலத்தைத் திட்டுவார்கள், அவரிடமிருந்து பிரிந்துபோன செல்வநாயகத்தைப் பாராட்டுவார்கள், பிறகு கல்லாவுக்குப் பின்னாலிருந்து, தோட்டத்து ஆட்களைக் களவாகத் தோணியில் வந்தவர்கள் என்று வசைபாடும் சொல்லால், "டேய் கள்ளத்தோணி, அந்தப் பருப்பு மூட்டையை எடு" என்பார்கள். அப்பாவும்தான். நானும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்த அண்ணனும் சிரித்தார். பிறகு பேப்பரை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் சொன்னார்: "தோணி தப்புங்க தம்பி."

அவருடைய தாத்தா வந்தது கள்ளமாகவும் இல்லை, தோணியிலும் இல்லை. மண்டபம் முகாமில் சோதித்து, தனுஷ்கோடியில் கப்பலேற்றி, தலைமன்னாரில் இறக்கி, ரயிலில் கொண்டுவந்தார்கள். எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று தெரியக் கழுத்தில் இலக்கம் பொறித்த தகர வில்லை. அந்த வில்லை பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. அப்பன் லயத்தில் பிறந்ததற்குத் துண்டுக் கடதாசிகூட இல்லை. தாத்தா வெளியிலிருந்து வந்ததற்கு மட்டும் தகரத்தில் சாட்சி இருந்தது.

1964ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், நாடற்றுக் கிடந்த இந்த ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாக்கினார்கள். அண்ணன் இந்தியப் பங்கில் விழுந்தார். அங்கே போனவர்களைச் சிலோன்காரர் என்று கூப்பிட்டார்கள் என்பது பிறகு தெரிந்த கதை.

அவர் போன அன்று கடையில் சரக்கு இறங்கும் நாள், அப்பா வரவில்லை. கோட்டை ஸ்டேஷனுக்கு நான்தான் போனேன். டின் மடியில் இருந்தது. "இத ஏன் அண்ணே கொண்டு போறீங்க?" என்று கேட்டேன். வில்லையை எடுத்துச் சட்டையில் துடைத்தார்.

"அங்க யாருன்னு கேட்டா காட்டலாமில்ல, தம்பி."