‘நண்பகல் நேரத்து மயக்கம்’: ஒருவர் கொண்டாட, இன்னொருவர் கொட்டாவி விடுவது ஏன்?

தமிழும் மலையாளமும் புழங்கும் பாலக்காட்டு எல்லை ஊரான கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை. இந்த மலையாளப் படம் தன் கதைப் புதிருக்கு விடை சொல்வதில்லை. வேளாங்கண்ணி போய்த் திரும்பும் ஜேம்ஸ் (மம்மூட்டி) ஒரு தமிழ்க் கிராமத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, அவ்வூரில் காணாமல்போன சுந்தரமாகவே மாறிவிடுகிறார். ஆவியா, கனவா என்று துப்புத் தேடினால் ஏமாற்றம்தான். கேமராவும் பெரும்பாலும் அசையாது. பின்னணியில் ஓயாமல் ஒலிக்கும் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும் இரு மொழியும் தெரிந்தவருக்குப் பாதிக் கதை. சப்டைட்டிலை நம்பியவருக்கு வெறும் இரைச்சல். லாட்ஜில் வரும் ‘உறங்குவது போலுஞ் சாக்காடு’ குறளைத் தவறவிடாதீர்கள்.

என் கணக்கில் இது ஆவிப் படமல்ல, கல்யாணப் படம். மறுமுறை பார்க்கும்போது மம்மூட்டியை விட்டுவிட்டு இரண்டு மனைவிகளின் முகங்களைக் கவனியுங்கள். ஜேம்ஸின் மனைவி சாலிக்குக் கண்ணெதிரே இருக்கும் புருஷன் தன்னைத் தெரியாதவனாகிறான்; சுந்தரத்தின் மனைவி பூங்குழலிக்கோ யாரோ ஒருவன் புருஷனாக வந்து நிற்கிறான்.