மருத்துவர் பதில்: கட்டுத்தறியில் கிடைத்த மாத்திரை அட்டைகள்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் 17 ஆண்டுகள் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். வயது 46. மலைப் பகுதியில் பணியில் இருந்தபோது விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. வலிக்காகத் தொடங்கிய டிரமடால், ஊருக்கு வந்தபின் டேபென்டடால் ஆகி, நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மாத்திரை வரை போய்விட்டது. மருத்துவமனையில் சேர்த்துச் சரியாக்கிக் கூட்டிவந்தோம். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். "அதுவும் போதைதானே" என்று என் அண்ணன் சொன்னதால் ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டோம். போன வாரம் கட்டுத்தறியில் தீவன மூட்டைக்குப் பின்னால் இரண்டு டேபென்டடால் அட்டைகள் கிடைத்தன. பட்டாளத்துக்காரருக்கு இந்த மனவுறுதி கூடவா இல்லை? ஆறு மாதம் பூட்டி வைத்துத் திருத்தும் இடம் இருக்கிறதாம், அனுப்பலாமா? கவுன்சலிங் என்கிறார்களே, பேசினால் இது தீருமா?
– வாசகி, காங்கேயம் பக்கம்

பதில்: அம்மணி, உயிர் சம்பந்தப்பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரமடால், டேபென்டடால் போன்ற அபின் வகை வலி மாத்திரைகள் சில வாரங்கள் இல்லாமல் இருந்த உடம்பு பழைய தாங்குதிறனை இழந்திருக்கும். முன்பு பத்து மாத்திரை போட்டு நடமாடியவருக்கு இன்று அதே பத்து மூச்சையே நிறுத்திவிடலாம். கேன்டீன் ரம்மும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. வீட்டில் பாட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். எழுப்பினாலும் எழாமல், உதடு நீலம் பாரித்து, குறட்டை போல மூச்சு இழுத்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

மனவுறுதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு முன்னாள் சுபேதார் வந்தார். தேய்த்துப் பளபளத்த ஷூ, நிமிர்ந்த முதுகு. "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டில்தான் பயப்படுகிறார்கள்" என்றார். சொல்லும்போதே மூக்கு ஒழுகியது, கை முழுக்கப் புல்லரித்திருந்தது, கொட்டாவிக்கு மேல் கொட்டாவி. மாத்திரை உடம்பைவிட்டு இறங்கும்போது வருகிற அறிகுறிகள் அவை. அந்த நிலையிலும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தவருக்கு மனவுறுதி இல்லை என்று எப்படிச் சொல்வேன்? வலியைக் காட்டாமல் இருக்கப் பழகியவர்கள் இவர்கள். உதவி கேட்பதுதான் இவர்களுக்குப் பழக்கமில்லாதது.

நாக்கடி மாத்திரை புப்ரெனார்ஃபினாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் அண்ணன் நல்லெண்ணத்தில் சொன்னது தவறாகிவிட்டது. மருத்துவர் சொன்ன அளவில் தினமும் எடுத்தால் அது ஏக்கத்தை அடக்கும். அவர் வேலைக்குப் போகலாம், தூங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் நீங்களாகவே மறுபடி தொடங்கிவிடாதீர்கள். டேபென்டடால் உடம்பில் இருக்கும்போது இதைப் போட்டால் உதறலும் வயிற்றுப்போக்கும் ஒரேயடியாகக் கிளம்பும். எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மருந்து உடம்பைப் பிடித்து நிறுத்தும். மீதி நாளை எப்படிக் கழிப்பது என்பதற்குத்தான் கவுன்சலிங். அது வெறும் பேச்சில்லை. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் தேடித்தேடிச் சந்தித்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் பேர்தான். போர்க்களமும் அங்கே மலிவாகக் கிடைத்த ஹெராயினும் பின்னால் போய்விட்டன என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். உங்கள் கணவருக்கோ நேர்மாறு. போதை பிடித்தது இந்த ஊரில், இந்த வீட்டில். மருந்துக் கடை, கட்டுத்தறி, இடுப்பு வலிக்கும் இரவு என்று எல்லாமே அவருக்கு மாத்திரையை நினைவூட்டும். எந்த நேரம், எந்த இடம், எந்த வலி என்று அவரோடு உட்கார்ந்து கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு வேறொரு வேலையைப் பழக்குவதே சிகிச்சை. பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் மில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறார் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். வலிக்கு பிசியோதெரபி வேண்டும். கெட்ட கனவு கண்டு திடுக்கிட்டு எழுகிறார் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் சேர்த்தே சிகிச்சை தர வேண்டும்.

அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கான மருத்துவமனைகளில் 2011 முதல் ஒரு முறை நடைமுறையில் இருக்கிறது. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் கிண்ணத்திலிருந்து சீட்டு எடுக்கலாம். பாதிச் சீட்டுகளில் "நன்று" என்ற பாராட்டு மட்டும் இருக்கும், மற்றவற்றில் சிறு பரிசுகள். அங்கே பெரும்பாலும் வேறு வகைப் போதைக்குத்தான் இதைப் பயன்படுத்துகிறார்கள். மாத்திரைப் போதைக்கு மருந்தோடு சேர்த்துச் செய்யலாம். நல்லது நடந்த உடனே, சிறிதாக, தவறாமல் கூலி கிடைக்க வேண்டும் என்பதே இதன் சூட்சுமம்.

பரிசோதனையை மருத்துவமனையிடம் விட்டுவிடுங்கள். சட்டைப் பையைத் துழாவுவதும் தீவன மூட்டையைப் புரட்டுவதும் இனி உங்கள் வேலையில்லை. மருத்துவமனைக்குத் தவறாமல் போய்வந்த வாரத்தில், அவருக்குப் பிடிக்குமென்றால் பழையகோட்டை மாட்டுச் சந்தைக்குச் சேர்ந்து போய்வாருங்கள். கையில் பணமாக வேண்டாம். விடிகாலை ஐந்து மணிக்குப் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவதை அவர் பொறுப்பில் விடுங்கள். நேரம் வகுத்து வாழ்ந்த மனிதருக்கு ஓய்வுக்குப் பின் நாள் முழுக்க வெறுமையாகக் கிடந்தால் தாங்காது. வழுக்கிய நாளில் கத்தாதீர்கள், சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். அன்று பேச்சைக் குறைத்துக்கொண்டு மறுநாள் தெளிவாக இருக்கும்போது பேசுங்கள்.

பூட்டி வைக்கும் இடத்துக்கு அனுப்பவே கூடாது. சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அங்கிருந்து வெளியே வரும் முதல் வாரத்தில்தான் நான் மேலே சொன்ன மூச்சு ஆபத்து மிக அதிகம். கோவையிலோ பெருந்துறையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஓய்வூதியக்காரர் என்பதால் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டை இருக்கும், அந்த பாலிகிளினிக்கிலும் பரிந்துரை வாங்கலாம். நேரில் போகும் முன் பேச 14416 மனநல உதவிக்கு, 14446 போதை மீட்புக்கு.

அந்த இரண்டு அட்டைகளையும் எரித்துவிடாதீர்கள். பத்திரமாக எடுத்துப் போங்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை மாத்திரை குறைந்திருக்கிறது என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.