கைவேலை வெள்ளிக் கிண்ணம் முதலீடாகுமா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன், வயது 41. அவசரத் தேவைக்கு ஒதுக்கியது போக 8,000 பவுண்டு கையில் இருக்கிறது. ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் (19-ம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் கைவேலையைப் போற்றிய கலை இயக்கம்) காலத்து வெள்ளிக் கிண்ணம், கரண்டி மேல் எனக்கு ரொம்ப ஆசை. வெள்ளி விலையும் ஏறுகிறது. மொத்தப் பணத்தையும் இதில் போடலாமா?

பதில்: ஆசைக்கு ஒன்றிரண்டு வாங்குங்கள். மொத்தத்தையும் போட வேண்டாம்.

முதலில் ஏலக் கணக்கைப் பாருங்கள். ஒரு கிண்ணம் 1,000 பவுண்டுக்குப் படிகிறது. வாங்குபவர் கட்டணம் 25%, அந்தக் கட்டணத்தின் மேல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 20% என்று வைத்தால் நீங்கள் கொடுப்பது 1,300. பிறகு அதே 1,000-க்கு விற்றால், விற்பவர் கமிஷன் 15%, அதற்கும் வாட் போக, கைக்கு வருவது 820. போட்ட பணம் திரும்ப வரவே ஏல விலை 1,585-ஐத் தாண்ட வேண்டும்.

வெள்ளி விலை ஏறுவதும் பெரிதாகக் கைகொடுக்காது. நகை வாங்கிப் பழகிய நமக்குச் செய்கூலி திரும்பி வராது என்று தெரியும். இங்கே விலையில் பெரும்பங்கே செய்கூலியும் பெயரும்தான். அதிலும் எல்லாக் கைவேலைக்கும் ஒரே மதிப்பு இல்லை. வடிவமைப்பாளர் ஆஷ்பீ 1888-ல் லண்டனில் தொடங்கிய கில்ட் ஆஃப் ஹேண்டிகிராஃப்ட் பட்டறையில் கையாலேயே தட்டினார்கள். லண்டனின் லிபர்ட்டி கடை 1899-ல் கொண்டுவந்த 'சிம்ரிக்' வெள்ளியில் பலவும் பர்மிங்காமில் இயந்திரத்தின் உதவியோடு செய்தவை. மேலே சுத்தியல் தழும்பு மட்டும் போட்டிருப்பார்கள். ஆனாலும் ஆர்ச்சிபால்ட் நாக்ஸ் வடிவமைத்த லிபர்ட்டி பொருளுக்குச் சேகரிப்பாளர்கள் அள்ளிக் கொடுக்கிறார்கள். கையாலேயே செய்த ஆஷ்பீயின் பட்டறையோ 1908-க்குள் நஷ்டத்தில் கலைந்துவிட்டது. சந்தை இப்படித்தான்.

வாங்கும்போது கிண்ணத்தைக் கவிழ்த்து ஹால்மார்க்கைப் பாருங்கள்: நடக்கும் சிங்கம் (வெள்ளியின் தரத்துக்கு), ஊர் முத்திரை (லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்காமுக்கு நங்கூரம்), ஆண்டு எழுத்து, செய்தவர் முத்திரை. முத்திரை மழுங்கியிருந்தாலும், தழும்புகள் தேயும் அளவுக்குப் பாலிஷ் போட்டிருந்தாலும் விலை இறங்கும். கைப்பிடி ஒட்டிய இடத்தில் சாம்பல் நிறமாக ஈயப்பற்று தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

வரியில் ஒரு சலுகை உண்டு. ஒரு பொருளை 6,000 பவுண்டுக்குள் விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் ஆறு கரண்டி கொண்ட செட்டை ஒரே ஆளுக்குத் தனித்தனியாக விற்றாலும் ஒரே பொருளாகத்தான் கணக்கு.

நான் சொல்வது: 1,500-க்குள் நல்லதாக ஒன்று வாங்கி, வீட்டு இன்ஷூரன்ஸில் தனியாகக் குறிப்பிடுங்கள். மீதியை ஸ்டாக்ஸ் அண்ட் ஷேர்ஸ் ஐஎஸ்ஏ-வில் (ஆதாயத்துக்கு வரி இல்லாத முதலீட்டுக் கணக்கு) குறைந்த கட்டண இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) போடுங்கள், ஐந்து வருஷத்துக்கு அந்தப் பணம் தேவைப்படாது என்றால்.